வீடு பிரான்சில், வேலை சுவிசில்: பொம்பிளை எந்த நாட்டுக்குப் போவா?

கேள்வி: கிளிநொச்சியில் இருக்கிறோம். தங்கச்சிக்கு ஒரு சம்மந்தம் வந்திருக்கிறது. மாப்பிள்ளையின் வீடு பிரான்சில் அனெமாஸ் என்ற இடத்தில், வேலை சுவிசில் ஜெனீவாவில், ஒரு உணவகக் குசினியில். ஒவ்வொரு நாளும் போய் வருகிறாராம். புரோக்கர் ‘சுவிஸ் மாப்பிள்ளை’ என்கிறார், மாப்பிள்ளையின் தமக்கை ‘பிரான்ஸ்’ என்கிறா. தங்கச்சி எந்த நாட்டுக்குப் போவாள்? எந்த எம்பசி? அவருக்கு வேலை போனால் என்ன நடக்கும்?

பதில்:

பிரான்சுக்கு. மாப்பிள்ளை இரவில் எந்த நாட்டில் படுக்கிறாரோ, மனைவியைக் கூப்பிடுகிற உரிமையும் அந்த நாட்டில்தான். சுவிஸ் அவருக்குச் சம்பளம் தருகிறது, அவ்வளவுதான். எல்லை கடந்து வேலைக்கு வருகிறவருக்குச் சுவிஸ் கொடுப்பது ‘ஜி’ காட். எங்கள் ஆட்கள் வழக்கமாகக் கதைக்கிற பி, சி, எஃப் காட்டுகள் அங்கே வசிப்பதற்கு. ஜி காட் வேலை செய்ய மட்டும். கிழமைக்கு ஒரு தரமாவது சொந்த வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பது அதன் நிபந்தனை. அதை வைத்து மனைவியைச் சுவிசுக்கு எடுக்க ஏலாது. புரோக்கரோடு சண்டைக்குப் போகவும் வேண்டாம். சம்பளம் பிராங்கில் வருகிறது, அதனால் சுவிஸ் மாப்பிள்ளை என்று சொல்லிவிட்டார்.

தினமும் நாடு விட்டு நாடு போவது என்றதும் பெரிய பயணம் என்று நினைப்பீர்கள். அனெமாஸ் நடுவில் இருந்து ஜெனீவா நடுவுக்கு நேரே பார்த்தால் எட்டுக் கிலோமீற்றர் அளவுதான். கிளிநொச்சியில் இருந்து வெளிக்கிட்டால் ஆனையிறவு வரைக்கும் வராத தூரம். 2019 டிசம்பர் 15 இல் லெமான் எக்ஸ்பிரஸ் ரயில் ஓடத் தொடங்கிய பிறகு அனெமாசில் ஏறினால் ஜெனீவா கோர்னவன் நிலையத்தில் 22 நிமிடத்தில் இறங்கலாம். 17ஆம் இலக்க ட்ராமும் எல்லை தாண்டி ஓடுகிறது. வவுனியாவில் இருந்து கிளிநொச்சிப் பள்ளிக்கூடத்துக்கு வந்து போகிற ஆசிரியர்தான் கூடக் கஷ்டப்படுகிறார். சுவிசுக்கு இப்படி வெளிநாட்டில் இருந்து வந்து வேலை செய்கிறவர்கள் 4 இலட்சம் பேர் அளவில் இருக்கிறார்கள். அதில் அரைவாசிக்கு மேல் பிரான்சில் இருந்து வருகிறவர்கள். ஆகவே மாப்பிள்ளை ஏதோ களவாகச் செய்கிறார் என்று பயப்பட ஒன்றுமில்லை. உணவக வேலை என்பதால் இரவு வேலை எத்தனை மணிக்கு முடிகிறது, அந்த நேரம் ரயில் இருக்கிறதா, கார் வைத்திருக்கிறாரா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். பிரான்சில் ரயில்வே வேலைநிறுத்தம் வந்தால் இந்த வழியும் படுத்துவிடும்.

இனி முக்கியமான இடம். மாப்பிள்ளையின் சம்பளத்தை விட நீங்கள் முதலில் கேட்க வேண்டியது, பிரான்சில் அவர் எந்தப் பத்திரத்தில் இருக்கிறார் என்பது. ‘பிரெஞ்சுக் காட் இருக்கு’ என்ற பதில் போதாது. அதில் நாலு வகை வரலாம், நாலுக்கும் வழி வேறு.

அவர் பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்தவர் என்றால் உங்கள் வேலை இலேசு. பிரெஞ்சுப் பிரசையின் மனைவி என்ற நீண்டகால விசாவுக்குக் கொழும்பில் விண்ணப்பிக்கலாம். வீட்டின் அளவு, சம்பளக் கணக்கு எதுவும் நிபந்தனை இல்லை. ஒன்றை மட்டும் தவற விடாதீர்கள். கலியாணம் இலங்கையில் நடப்பதென்றால், பதிவுக்கு முதலே கொழும்பில் உள்ள பிரெஞ்சுத் தூதரகத்தில் திருமணத் தகுதிச் சான்று எடுக்க வேண்டும். அதற்கு அவர்கள் அறிவித்தல் ஒட்டுவார்கள், இரண்டு பேரையும் கூப்பிட்டுக் கதைக்கவும் கூடும். மண்டபத்துக்கு நாள் குறித்துக் காட் அடித்த பிறகு இதைத் தொடங்குகிறவர்கள்தான் மாட்டுப்படுகிறார்கள். சான்று இல்லாமல் பதிந்த கலியாணம் செல்லாது என்றில்லை. ஆனால் அதைப் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்ற இழுபடும், ஏற்றாமல் விசா நகராது.

இலங்கைக் கடவுச்சீட்டோடு பிரான்சின் பத்து வருடக் காட்டோ வேறு வதிவிட அனுமதியோ வைத்திருந்தால், குடும்ப இணைவு என்ற வழியால் போக வேண்டும். அவர் பிரான்சில் சட்டப்படி குறைந்தது 18 மாதம் இருந்திருக்க வேண்டும். கடந்த 12 மாதச் சராசரி வருமானம் பிரான்சின் ஆகக் குறைந்த சம்பள அளவையாவது தொட வேண்டும். வீட்டுக்கும் அளவு இருக்கிறது: இரண்டு பேருக்கு, இடத்தைப் பொறுத்து 22 முதல் 28 சதுர மீற்றர். நகராட்சி ஆட்கள் நேரில் வந்து வீட்டைப் பார்க்கலாம். கோப்பு முழுமையாகச் சேர்ந்த பிறகு முடிவு சொல்லப் பிறிபெக்சருக்கு (அந்தப் பகுதியின் அரச நிர்வாக அலுவலகத்துக்கு) 6 மாதம் இருக்கிறது. விசாவுக்கு எடுக்கிற நாட்கள் அதற்கு மேல். கலியாணத்தில் இருந்து பயணம் வரை ஒரு வருடத்துக்குக் குறைவாகக் கணக்குப் போடாதீர்கள். இடையில் தங்கச்சி விசிட் விசாவில் போய் அங்கேயே நிற்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இந்த வழி மனைவி பிரான்சுக்கு வெளியே இருக்கும்போது செய்ய வேண்டியது.

மூன்றாவது, அவர் அகதியாக ஏற்கப்பட்டவர். அவருடைய பயணப் பத்திரத்தில் இலங்கைக்கு வர முடியாது. கலியாணம் இந்தியா போன்ற மூன்றாம் நாட்டில்தான். அகதிகளுக்கென்று உள்ள சுருக்கமான குடும்ப வழி, தஞ்சம் கேட்பதற்கு முதலே முடித்த கலியாணத்துக்குத்தான். இப்போது முடிக்கிற கலியாணத்துக்கு மேலே சொன்ன அதே 18 மாதம், சம்பளம், வீடு எல்லாம் பொருந்தும்.

நாலாவதுதான் சிக்கல். ‘அவருக்குச் சுவிஸ் சி காட்டும் இருக்கு, வாடகை குறைவென்று பிரான்சில் வீடு எடுத்திருக்கிறார்’ என்று சொன்னால் நிமிர்ந்து உட்காருங்கள். இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர் சுவிஸ் சி காட்டை வைத்துப் பிரான்சில் குடியிருக்க முடியாது. 180 நாளில் 90 நாள் சுற்றிப் பார்க்கலாம், அவ்வளவுதான். குடியிருக்கப் பிரான்சின் சொந்த அனுமதி வேண்டும். மறுபக்கம், சுவிசில் பதிவை வெட்டிக்கொண்டு வெளியேறினாலோ 6 மாதத்துக்கு மேல் வெளியே வாழ்ந்தாலோ சி காட் செத்துப்போகும். இப்படிப்பட்டவர் ஜெனீவாவில் நண்பரின் கதவில் பெயரை ஒட்டிவிட்டு அனெமாசில் படுக்கிறார் என்றே அர்த்தம். சுவிசுக்குக் கூப்பிட்டால் அங்கே உண்மையான வீடு இல்லை. பிரான்சுக்குக் கூப்பிட்டால் அங்கே அனுமதி இல்லை. அவர் எங்கே வாழ்வதென்று தீர்மானித்துப் பத்திரத்தைச் சரியாக்கும் வரை கலியாண எழுத்தை வைக்க வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். அவர் சுவிஸ் குடியுரிமை எடுத்தவர் என்றால் கதை வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தோடு உள்ள சுதந்திர நடமாட்ட ஒப்பந்தத்தின்படி அவர் பிரான்சில் வாழலாம், மனைவிக்கும் அந்த ஒப்பந்தத்தின் கீழே காட் கிடைக்கும், ஜெனீவாவில் வேலை செய்ய ஜி காட்டும் தேவையில்லை.

ஜி காட்டிலும் இதே பிரிவு இருக்கிறது. பிரெஞ்சுப் பிரசை என்றால், ஒரு வருடத்துக்குக் குறையாத வேலை ஒப்பந்தத்துக்கு 5 வருடக் காட் கிடைக்கும், வேலை மாறுவதும் சுலபம். இலங்கைக் கடவுச்சீட்டுக்காரருக்கு ஜி காட் கிடைப்பதே கடினம். பிரான்சில் நிரந்தர வதிவிட உரிமை வேண்டும், எல்லை வலயத்தில் குறைந்தது 6 மாதம் வாழ்ந்திருக்க வேண்டும், அந்த வேலைக்கு உள்ளூர் ஆட்களையோ ஐரோப்பிய ஆட்களையோ பிடிக்க முடியவில்லை என்று முதலாளி காட்ட வேண்டும். கிடைத்தாலும் எல்லை வலயத்துக்குள் மட்டும். முதல் 5 வருடம் வேலை மாற அனுமதி கேட்க வேண்டும். குசினி வேலைக்கு முதலாளி இவ்வளவு பாடுபட்டு எடுத்திருந்தால் ஆள் நல்ல வேலைக்காரன் என்று எடுக்கலாம். இல்லாவிட்டால் காட்டே இல்லாமல் வேலை செய்கிறாரோ என்று ஐயப்பட இடம் இருக்கிறது. காட்டின் இரண்டு பக்கத்தையும் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை, சீதனத்துக்குக் காணி உறுதியை அவர்கள் கேட்கவில்லையா.

தங்கச்சி போய்ச் சேர்ந்த பிறகு பிரான்சில் வேலை செய்யலாம். கணவரோடு ஜெனீவா கோயிலுக்கோ கடைக்கோ போய் வரலாம். ஆனால் அவளும் சுவிசில் வேலை செய்யலாம், பிராங்கில் இரண்டு சம்பளம் வரும் என்ற கணக்கு உடனே சரிவராது. கணவரின் ஜி காட் அவளுக்கு ஒட்டாது. இலங்கைக் கடவுச்சீட்டோடு அவளும் நிரந்தர வதிவிட உரிமை எடுத்து, மேலே சொன்ன கதவால்தான் நுழைய வேண்டும். இன்னொன்று, ‘சுவிஸ்’ என்று கேட்டவுடன் பிள்ளையை டொச் (ஜெர்மன் மொழி) வகுப்புக்கு அனுப்பி விடுகிறார்கள். அனெமாசிலும் ஜெனீவாவிலும் பேச்சு பிரெஞ்சு. பிரான்சில் 2026 தொடக்கம் பல வருடக் காட்டுக்கு ஏ2, பத்து வருடக் காட்டுக்கு பி1 அளவு பிரெஞ்சு கேட்கிறார்கள். விசாவுக்குக் காத்திருக்கிற அந்த ஒரு வருடத்தைப் பிரெஞ்சுக்குக் கொடுங்கள்.

சம்பளத்துக்கு வருவோம். ஜெனீவா மாநிலத்தில் ஆகக் குறைந்த சம்பளம் சட்டத்தில் இருக்கிறது: 2025 இல் மணிக்கு 24.48 பிராங். கிழமைக்கு 42 மணி வேலை செய்தால் மாதம் சுமார் 4,450 பிராங். அதே ஆண்டு பிரான்சில் மணிக்கு 11.88 யூரோ. ஏன் இத்தனை பேர் எல்லை கடக்கிறார்கள் என்பதற்கு இந்த இரண்டு இலக்கமும் போதும். ஆனால் 4,450 ஐ ரூபாயால் பெருக்கிப் பார்த்து மயங்க வேண்டாம். சம்பளத் துண்டை மேலிருந்து கீழே வாசியுங்கள். முதலாவது கழிவு முதியோர், ஊனமுற்றோர் காப்புறுதி: 5.3 சதவீதம், 236 பிராங் அளவு. அடுத்தது வேலையின்மைக் காப்புறுதி 1.1 சதவீதம், 49 பிராங். பிறகு வேலைக்கு வெளியே நடக்கும் விபத்துக்கான காப்புறுதி. 25 வயதுக்கு மேல் என்றால் ஓய்வூதிய நிதிக்கும் ஒரு கழிவு. கடைசியில் மூலவரி. ஜெனீவா வரியைச் சம்பளத்திலேயே பிடித்து, தன் பங்கில் இருந்து மொத்தச் சம்பளத் தொகையின் 3.5 சதவீதத்தைப் பக்கத்துப் பிரெஞ்சு மாவட்டங்களுக்குத் திருப்பிக் கொடுக்கிறது. 1973 இல் செய்த ஏற்பாடு இது. தனி ஆளுக்கு ‘ஏ’ அட்டவணை, மனைவி உழைக்காத குடும்பத்துக்கு ‘பி’, இருவரும் உழைத்தால் ‘சி’. கலியாணம் பதிந்தவுடன் மாப்பிள்ளை முதலாளிக்கு அறிவித்தால் பிடிக்கிற வரி குறையும். பலர் இதை மாதக்கணக்கில் மறந்துபோய் இருக்கிறார்கள்.

வேலை ஜெனீவாவில் இல்லாமல் லொசான் பக்கமோ பாசலிலோ என்றால் வரி மாறும். வோ, வலே, நெஷத்தல், யூரா, பேர்ண், சொலதூர்ண், இரண்டு பாசல்கள் ஆகிய எட்டு மாநிலங்களில் வேலை செய்து, வழக்கமாக ஒவ்வொரு நாளும் வீடு திரும்புகிறவர் பிரான்சில்தான் வரி கட்டுவார். அவருடைய சம்பளத் துண்டில் மூலவரி இராது. பெரிய சம்பளம் என்று நினைத்துவிடாதீர்கள், வரி பிறகு வரும்.

ஜெனீவாவில் வரி பிடித்தாலும் பிரான்சில் வருடா வருடம் வரிப் படிவம் நிரப்பத்தான் வேண்டும். அதே சம்பளத்துக்கு இரண்டு தரம் வரி வராது, கழித்து விடுவார்கள். ஆனால் நிரப்பாதவரிடம் பிரெஞ்சு வரி அறிவித்தல் இராது, அது இல்லாமல் குடும்ப இணைவுக் கோப்பு நொண்டும். சுவிஸ் வங்கிக் கணக்கையும் பிரான்சுக்கு அறிவிக்க வேண்டும். மறைத்தால் ஒரு கணக்குக்கு வருடத்துக்கு 1,500 யூரோ தண்டம்.

மருத்துவக் காப்புறுதி அடுத்த பெரிய செலவு. பிரெஞ்சுப் பிரசையான எல்லைத் தொழிலாளி வேலை தொடங்கி 3 மாதத்துக்குள் சுவிஸ் காப்புறுதியா பிரெஞ்சு முறையா என்று தெரிவு செய்கிறார். ஒரு தரம் தெரிவு செய்தால் இலேசில் மாற்ற முடியாது. பிரெஞ்சு முறையில் ஒரு தொகையைக் கழித்துவிட்டு மிச்ச வருமானத்தில் 8 சதவீதம் கட்டுகிறார், வேலைக்குப் போகாத மனைவியும் பிள்ளையும் அதற்குள் வந்துவிடுவார்கள். சுவிஸ் முறையில் தலைக்குத் தலை கட்டணம். தனியாக இருக்கும்போது சுவிஸ் காப்புறுதி மலிவாகத் தெரிந்து எடுத்தவருக்கு, மனைவி வந்து ஒரு பிள்ளையும் பிறந்தால் மூன்று பில் வரும். மாப்பிள்ளை எதைத் தெரிவு செய்திருக்கிறார் என்று கேட்டு வையுங்கள். கலியாணத்தை நிறுத்துகிற விஷயம் இல்லை, வீட்டுச் செலவைக் கணக்குப் பார்க்க உதவும்.

வேலை போனால்? சந்தா சுவிசுக்குக் கட்டினாலும், முழுதாக வேலை இழந்தவருக்குக் கொடுப்பனவு தருவது அவர் வாழ்கிற பிரான்ஸ். சுவிசில் வேலை செய்து சந்தா கட்டிய காலத்தைக் காட்டுகிற ‘யூ1’ படிவத்தை அங்கிருந்து எடுத்துப் பிரெஞ்சு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிய வேண்டும். முன்னைய மொத்தச் சம்பளத்தில் 57 சதவீதம் அளவு வரும். சுவிஸ் சம்பளத்தை வைத்துக் கணக்கிடுவதால் பிரான்சில் அது மோசமான தொகை இல்லை. ஆனால் இங்கே ஒரு குழி இருக்கிறது. மருத்துவத் தெரிவு, யூ1 எல்லாம் ஐரோப்பிய ஒன்றியமும் சுவிசும் தங்கள் பிரசைகளுக்காகச் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் இருந்து வருகிறவை. இலங்கைக் கடவுச்சீட்டோடு எல்லை கடக்கிறவருக்கு அவை அப்படியே பொருந்தாது. அவர் காப்புறுதி நிறுவனத்திடமும் வேலைவாய்ப்பு அலுவலகத்திடமும் தன் நிலையை எழுத்தில் கேட்டு எடுத்து வைக்க வேண்டும். அதோடு அவருடைய ஜி காட் குறிப்பிட்ட முதலாளியோடு கட்டுண்டது. வேலை போனால் அடுத்த வேலைக்குத் திரும்ப முதலில் இருந்து. குடும்ப இணைவுக் கோப்பு போட்டிருக்கிற நேரத்தில் வேலை போனால் 12 மாதச் சராசரியும் விழும்.

கடைசியாக உங்கள் பக்கத்துப் பத்திரங்கள். கோப்பு இழுபடுவது பெரும்பாலும் அங்கே இல்லை, இங்கே. 1996 இல் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்ட பிறகு மல்லாவியில் பிறந்த பிள்ளை என்றால் பிறப்புப் பதிவு துணுக்காய் பிரதேச செயலகத்தில் இருக்கும், கரைச்சியில் தேடி மினக்கெட வேண்டாம். பதிவே இல்லாவிட்டால் காலங்கடந்த பிறப்புப் பதிவுக்கு இப்போதே போடுங்கள், கலியாணப் பேச்சு முடியட்டும் என்று காத்திராதீர்கள்.

பிறகு பெயர். எழுத்து விட்டு எழுத்துப் பாருங்கள். தகப்பன் பெயர் தமிழில் எல்லாவற்றிலும் சிவராசா என்றே இருக்கும். ஆங்கிலத்தில் கடவுச்சீட்டில் கடைசியில் ‘எச்’ இருக்கும், அடையாள அட்டையில் இராது, மொழிபெயர்ப்பில் ‘சா’ வுக்குப் பதில் ‘ஜா’ வந்திருக்கும். எங்களுக்கு ஒரே ஆள், பிரெஞ்சு அதிகாரிக்கு மூன்று ஆட்கள். ஆகவே தமிழ்ச் சான்றிதழை ஆங்கிலத்துக்கும் ஆங்கிலத்தில் இருந்து பிரெஞ்சுக்கும் மாற்றுவதை விட, தமிழில் இருந்து நேரே பிரெஞ்சுக்கு மாற்றுகிற சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரைப் பிடிப்பது நல்லது. பாரிசில் இருக்கிறார்கள். கடவுச்சீட்டின் முதல் பக்கத்தையும் கூடவே அனுப்பி, எழுத்துக் கூட்டலை அதன்படி போடச் சொல்லுங்கள். பிறப்புச் சான்றிதழிலேயே பிழை என்றால் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் திருத்தத்துக்கு விண்ணப்பித்து, திருத்தின பிரதி வந்த பிறகு கடவுச்சீட்டை எடுங்கள். வவுனியா அலுவலகத்திலேயே எடுக்கலாம். முதலில் கடவுச்சீட்டு, பிறகு திருத்தம் என்று போனால் இரண்டு தரம் காசு.

கலியாணம் முடிந்த கையோடு தங்கச்சியின் கடவுச்சீட்டைப் புருசன் பெயருக்கு மாற்றவும் வேண்டாம். பிரெஞ்சு நிர்வாகம் பெண்ணைப் பிறந்த பெயரில்தான் கோப்பில் வைக்கும். தாலி கட்டின படங்கள் துணைச் சான்றுக்கு உதவும், கேட்பது விவாகப் பதிவுச் சான்றிதழ். அதில் மாப்பிள்ளையின் பெயர் அவருடைய பிரெஞ்சுக் காட்டில் உள்ள அதே ஒழுங்கில், அதே எழுத்தில் வரவேண்டும். பதிவாளர் வரும்போது அந்தக் காட்டின் பிரதி ஒன்றை மேசையில் வைத்து, கையெழுத்துப் போட முதல் ஒருவர் உரக்க வாசித்துப் பாருங்கள்.